தெற்குக் கையில் மீன் இல்லை

இப்போதெல்லாம் ஒரு போத்தல் தண்ணீர் போதுமாம். கடலில் போய்த் தண்ணீரை மொண்டு வந்து, வடிகட்டி, கருவிக்குள் வைத்தால் அந்த இடத்தில் என்னென்ன மீன் நீந்திப் போயிருக்கிறது என்று பட்டியலே வந்துவிடுமாம். போன மாதம் என் பழைய பிரிவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் கிள்ளானில் என் வீட்டைத் தேடி வந்து இதைச் சொன்னார்கள். வந்த காரியம் வேறு. நாங்கள் அந்தக் காலத்தில் வலை போட்ட இடங்களை வரைபடத்தில் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். கிளம்பும்போது அதில் ஒரு பெண், "அங்கிள், அந்த வேலையப் பத்தி கொஞ்சம் எழுதித் தாங்களேன். எங்ககிட்ட நோட்டுப் புத்தகம்தான் இருக்கு, கதை இல்ல லா" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் மீனை எண்ணிக்கொண்டிருந்தவனிடம் கதை கேட்கிறார்கள். கேட்டது கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். எழுதி முடித்தபின் அவர்களுக்குப் பிடிக்குமா என்பது என் கவலை இல்லை.

என் பெயர் மணியம். சாலாக் செலாத்தானில் வளர்ந்தவன். அப்பா ரயில் பாதை பழுது பார்க்கும் கூட்டத்தில் இருந்தார். பள்ளியை முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது பத்திரிகையில் மீன்வள ஆய்வுக்கு உதவியாளர் தேவை என்று பார்த்து மனுப் போட்டேன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அது கிடையாது என்பது ஒன்றுதான். நேர்முகத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று பொய் சொன்னேன். வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சியில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இரண்டு: படகில் வாந்தி எடுக்காமல் குனிந்து வேலை செய்வது, முள் குத்தாமல் கெளுத்தியைப் பிடிப்பது. மற்றதெல்லாம் எங்கள் ஆய்வை நடத்திய மேடம் கற்றுக்கொடுத்தது.

எங்கள் பிரிவின் வேலை போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு குடாவில். பெரிய குடா இல்லை. கை இரண்டையும் விரித்த மாதிரி வடக்கே ஒரு கிளை, தெற்கே ஒரு கிளை. நாங்கள் வடக்குக் கை, தெற்குக் கை என்போம். வடக்குக் கை திறந்த கடல், காற்றும் அலையும் அதிகம். தெற்குக் கையில் ஒரு பாக்காவ் தீவு, சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் அந்த அலையாத்தி மரங்கள் அலையைத் தடுத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். இந்தக் குடாவில் எந்த மீன் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வரைபடத்தில் பத்து இடம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பத்து இடத்திலும் வலை.

காலை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நிற்கும்போது வரும் அந்த டீசல் வாசனையும் சேற்று வாசனையும் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். என் மனைவி இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். வெளிச்சம் வரும்போது படகு கிளம்பும். பெரிய கப்பல்களுக்கு நடுவே எங்கள் படகு எறும்பு போலப் போகும். தகரக் குவளையில் கொப்பி என்கிற காப்பி, சீனி தூக்கலாக. வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரங்களை எண்ணச் சொன்னால் பாதி அந்தப் படகின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

வேலை இப்படி. இடத்துக்குப் போனதும் பூக்காட்டை, அதாவது இழுவலையை, இறக்கி இருபது நிமிஷம் இழுக்க வேண்டும். இருபது என்றால் இருபது, நிறுத்துக் கடிகாரம் என் கழுத்தில் தொங்கும். நேரம் ஆனதும் தகரத்தில் தட்டுவேன். வலையைத் தூக்கி, அதன் வால்பக்கத்து மடியின் முடிச்சை அவிழ்த்தால் குவியல் தளத்தில் கொட்டும். கடல் தண்ணீரால் கழுவி, குச்சி, பிளாஸ்டிக், சொறிமீன் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். பிறகு மொத்த எடை. பிறகு வகை பிரிப்பது: காரல் ஒரு கூடை, கெலாமா ஒரு கூடை, நாக்கு மீன், வாவல், கெளுத்தி என்று. பொடி மீன் மலையாகக் குவிந்துவிட்டால் மண்வெட்டியால் நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் எண்ணி நாலால் பெருக்கலாம். பெரிய மீனில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொன்றையும் பலகையில் படுக்க வைத்து மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும். எழுதுவது பென்சிலில். பேனா மை தண்ணீரில் ஓடிவிடும். அடையாளச் சீட்டு பைக்கு உள்ளே போக வேண்டும், வெளியே ஒட்டினால் கழன்றுவிடும்.

இதெல்லாம் மேடம் போட்ட சட்டம். டாக்டர் பரமேஸ்வரி என்பது பெயர், நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். பிரிக்ஃபீல்ட்ஸில் தலைமுறை தலைமுறையாக இருந்த யாழ்ப்பாணக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெலிந்த உருவம், வெள்ளை ரப்பர் சப்பாத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறுவார். என்னை ஒரு நாளும் தம்பி என்றோ டா என்றோ கூப்பிட்டதில்லை. "மணியம்" என்பார், "நீர்" என்பார், ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார். திட்டும்போதும் அதே குரல்தான். அதனால் திட்டு விழுந்தது என்று நமக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

முதல் மாதம் நான் எழுதிய தாளில் ஒரு இடத்தில் 'இறால் சில' என்று போட்டிருந்தேன். தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "மணியம், சில எண்டால் எத்தனை?" என்றார்.

"அஞ்சாறு இருக்கும் மேடம்."

"அஞ்சா, ஆறா?"

இன்னொரு நாள் எண்ணிய மீனுக்கும் அளந்த மீனுக்கும் ஒன்று இடித்தது. ஒரு காரலைக் காணோம். விரல் நீளம்கூட இல்லாத மீன், பூனைகூடச் சீந்தாது. மேடம் படகைக் கிளம்ப விடவில்லை. கூடையைக் கவிழ்த்தோம், கயிற்றை உதறினோம். கடைசியில் அது என் சப்பாத்தின் அடியில் ஒட்டிக்கிடந்தது. நசுங்கிய மீனை அளக்க முடியாது என்று சொன்னேன். "அளக்க ஏலாது எண்டு எழுதும். இல்லை எண்டு எழுதாதேயும்" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது. படகோட்டி திரும்பி என்னைப் பார்த்துக் கண் அடித்தார்.

இந்த மேடத்தைப் பற்றி ஒரு விஷயம். இத்தனை மீனையும் முதுகுச் செதிலைப் பார்த்தே பெயர் சொல்லுவார், ஆனால் ஒரு துண்டு மீனை வாயில் வைத்ததில்லை. பிறவிச் சைவம். கோயில், திருநீறு, அவித்த காய்கறி. அலுவலகத்தில் சிலர் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மீன் பொரியும் வாசனை அவருக்கு ஆகாது. அடுப்பு எரியத் தொடங்கினால் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போய்விடுவார். அடுப்பு அணையும்வரை பின்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். சில வருஷம் கழித்து முழங்கால் வலி வந்து படகுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தாள் மட்டும் அவர் மேசைக்குப் போகும்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் படகில் ரசாலி என்று ஒருவர். வலை இழுப்பதும் அவர், சமைப்பதும் அவர். தடித்த மீசை, எப்போதும் ஒரு பாட்டை முணுமுணுப்பார். சாப்பாட்டுக்கு அரிசி, மஞ்சள், மிளகாய் கொண்டு வருவார். மீன் கொண்டு வர மாட்டார். மீன் பிடிக்கும் படகுக்கு மீன் வாங்கி வந்தால் உலகம் சிரிக்குமே. வடக்குக் கையில் அலையில் சட்டி நிற்காது. அதனால் வடக்கே முதல் ஐந்து இடத்தை முடித்துக்கொண்டு, தெற்குக் கைக்கு வந்து, பாக்காவ் தீவின் பின்னால் தண்ணீர் அசையாத இடத்தில்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். காலையோ மத்தியானமோ, கடல் எப்படி இருந்தாலும் அடுப்பு எரிவது தெற்குக் கையில்தான்.

அங்கே ஒவ்வொரு தடவை வலையைக் கொட்டும்போதும், மேடம் திரும்பிப் பார்க்காத அந்தப் பின்பக்கத்தில், நான் தராசைத் தூக்குவதற்கு முன்னால் ரசாலியின் கை குவியலுக்குள் போகும். "லாவுக் டுலு, மணி" என்பார். முதலில் கறிக்கு, பிறகு உன் கணக்கு என்று அர்த்தம். படகுகளில் காலம் காலமாக இருக்கிற வழக்கம் அது, நான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. ரசாலி கண்ட மீனையும் எடுக்க மாட்டார். செனாங்கின் மட்டும், அதில் ஒன்றையும் விட மாட்டார். தமிழ்நாட்டில் காலா என்பார்கள். வெள்ளைச் சதை, தொந்தரவு தரும் பொடி முள் இல்லை. தெற்குக் கையில் கிடைப்பது சாண் நீளக் குட்டிகள், மஞ்சள் தடவி முழுசாகப் பொரித்தால் வால்கூட மொறுமொறுப்பாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பாதி, மீதியை ஐஸ் பெட்டியில் போட்டு ஆளுக்கு இரண்டாக வீட்டுக்கு. எனக்கும் இரண்டு.

ஆயிரம் மீன் கிடக்கிற குவியலில் பத்து மீன். எடையில் ஒரு கைப்பிடி. இதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். பொய்யாக இல்லை, மனசாரவே அப்படி நினைத்தேன். ஒரு காரலுக்காகப் படகை நிறுத்தி வைத்தவரின் கீழ் வேலை பார்த்தவன் நான். காரல் குவியலில் சேர்ந்தது, செனாங்கின் சாப்பாட்டில் சேர்ந்தது என்று என் மூளை பிரித்து வைத்திருந்தது. அது ஏன் அப்படிப் பிரித்தது என்று கேட்டால் எனக்கு இப்போதும் பதில் தெரியாது. பசி நேரம், நல்ல சாப்பாடு, நல்ல கூட்டாளிகள். அவ்வளவுதான்.

பல வருஷத் தாள்களைத் தொகுத்து மேடம் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அந்தக் குடாவில் புதிதாக ஒரு ஜெட்டி வரப் போகிறது, அதற்காகக் கால்வாயை ஆழமாக்கித் தோண்டும் சேற்றை வடக்குக் கையில் கொட்டுவதா, தெற்குக் கையில் கொட்டுவதா என்று ஒரு குழு கேட்டிருந்தது. அறிக்கையில் மீன் வகைக்கு ஒரு வரைபடம். மீன் அதிகம் உள்ள இடத்தில் பெரிய வட்டம், குறைந்த இடத்தில் சின்ன வட்டம். செனாங்கின் படத்தில் வடக்கே வட்டங்கள், தெற்கே வெறும் வெள்ளை. அந்தப் படத்தை வரைந்தவன் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் படம் வரைவது என் வேலை. வட்டம் போட்டேன், வெள்ளையை வெள்ளையாக விட்டேன். ஒன்றும் உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வீட்டில் விருந்து என்று நல்ல மீன் வாங்கத் தெற்குக் கையில் இருக்கிற கம்பத்துக்கு, அந்த மீனவர் கிராமத்துக்கு, போனேன். அங்கே வேலு அண்ணனைத் தெரியும். சின்னப் படகு, ஒற்றை ஆள், கையால் போடும் வலை. தமிழ் ஆட்கள் அந்தக் கரையில் ஒரு நாலைந்து குடும்பம்தான் கடல் வேலையில் இருந்தார்கள், அதில் அவரும் ஒருவர். கூடையைத் திறந்து காட்டினார். செனாங்கின், கூடை நிறைய. பெரிதும் இருந்தது, சாண் நீளமும் இருந்தது.

"எங்க பிடிச்சீங்கண்ணே?"

"எங்க பிடிப்பேன்? பாக்காவுக்குப் பின்னாலதான். எங்கப்பா காலத்திலேர்ந்து அங்கதான் போடுறோம்." மீனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னும் எத்தன நாளைக்கோ. போன வாரம் பாலாய் மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. சேத்தக் கொண்டாந்து இங்கதான் கொட்டப் போறாங்களாம். இங்க நல்ல மீனே இல்லியாம், அதனால ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லியாம். நான் கூடையத் தூக்கிக் காட்டுனேன். அதிகாரி சிரிச்சிட்டு ஒரு படத்தைக் காட்டுறாரு. எங்க பக்கம் வெள்ளையா இருக்கு. ஆராய்ச்சி பண்ணி எழுதினதுன்னா பெரிசு, நம்ம கூடை எந்த மூலைக்கு. மணி, நீ அந்த ஆபீஸ்தானே? ஏம்பா, உங்க வலையில ஒண்ணு கூடவா விழல?"

மீனை வாங்கிக்கொண்டேன். "பார்க்கிறேன்ணே" என்று சொன்னேன். என்ன பார்க்கப் போகிறேன். காரில் வந்து உட்கார்ந்து, வண்டியை எடுக்காமல், நான் அந்தப் படகில் எத்தனை பகல் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. அன்று விருந்தில் எல்லாரும் மீனைப் புகழ்ந்தார்கள். நான் மீனைத் தொடவில்லை.

பயமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அந்த வருஷம்தான் பதவி உயர்வுக்கு என் பெயர் மேலே போயிருந்தது. மகள் பிறந்து எட்டு மாதம். ரசாலிக்கு ஐந்து பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்வதும், வேலு அண்ணன் முகம் வருவதும், மறுபடி முடிவு செய்வதுமாகப் போனது. திங்கள் காலை மேடம் அறைக்குப் போனேன். மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"மேடம், தெற்குக் கையில செனாங்கின் இருக்கு."

"இருக்கலாம். எங்கட வலையில வரேல்லையே."

"வந்துச்சு மேடம்."

பென்சிலை வைத்தார். "வந்தது எங்க போனது?"

"சாப்பிட்டுட்டோம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் அடுப்பு, ரசாலி, பாக்காவ் தீவு எல்லாவற்றையும் சொன்னேன். வேலு அண்ணன் கூடையையும் சொன்னேன். ரசாலியை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று நடுவில் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"எத்தனை?" என்றார்.

"பத்து, பன்னெண்டு. சரியாத் தெரியாது மேடம்."

"எத்தனை தரம்?"

"அந்தப் பக்கம் போன ஒவ்வொரு தரமும்."

"எப்ப தொடக்கம்?"

"நான் சேர்றதுக்கு முன்னாலேர்ந்து."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டு ஒரு யோசனை சொன்னேன். "மேடம், இனிமே ஒழுங்கா எழுதுறேன். நாலஞ்சு மாசம் எழுதினா தன்னால வட்டம் வந்துரும். புது அறிக்கை கொடுத்துரலாம். பழசை யாரும் கிளற மாட்டாங்க."

"அப்ப இந்த வருஷம்தான் மீன் புதுசா வந்தது எண்டு எல்லாரும் நினைப்பினம். வந்த மீன் போகவும் செய்யும் எண்டு சொல்லி, சேத்தைக் கொட்டுவினம். இல்லையே?" என்றார். "மீன் எப்பவும் அங்கதான் இருந்தது எண்டு சொல்ல வேணும். அதைச் சொல்ல ஒரு வழிதான் இருக்கு." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "என்ட பிழையும்தான் மணியம். பத்து இடமும் பார்த்தன், அடுப்படியைப் பார்க்கேல்லை" என்றார்.

அன்று மத்தியானமே அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் போனது. அறிக்கையைத் திருத்திக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மேடம் படகுக்கு வந்தார். முன்பக்கம் போகவில்லை. ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார்.

முதல் நாள் ரசாலி பழக்கதோஷத்தில் குவியலுக்குள் கையை விட்டார். மேடம் மலாயில் சொன்னார்: "தூலிஸ் டுலு, ரசாலி." முதலில் எழுத்து. ரசாலி கையை எடுத்துவிட்டு என்னை முறைத்தார். காட்டிக்கொடுத்தவன் நான்தானே. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் மேடம் வீட்டிலிருந்து பருப்பும் கத்தரிக்காயும் வந்திருந்தது. அடுத்த தடவையும் பருப்பும் கத்தரிக்காயும். மூன்றாம் தடவை படகோட்டியே பொறுக்க மாட்டாமல், அளந்து எழுதி முடித்த மீனையாவது பொரிக்கலாமா என்று கெஞ்சினார். "எழுதின பிறகு அது மீன்தானே. பொரியுங்கோ" என்றார் மேடம். மீன் பொரிந்தது. அவர் எழுந்து போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, புகையாலா வாசனையாலா தெரியாது. மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். ரசாலி என்னோடு மறுபடி பேச இரண்டு மாதம் ஆனது.

அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடத் தெற்குக் கையில் செனாங்கின் இல்லாமல் வலை வரவில்லை. அளந்து அடுக்கிப் பார்த்தபோது மேடம், "பெரிய மீன் வடக்க. குட்டி எல்லாம் இங்க. பிள்ளை வளருற இடத்தை எல்லோ நாங்கள் வெள்ளையா விட்டிருக்கிறம்" என்றார். அந்தப் படத்தைத் திருப்பி வரைந்தேன். தெற்கே வரிசையாக வட்டம் போட்டேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சேறு தெற்குக் கைக்கு வரவில்லை. வெளியே ஆழ்கடலில் கொட்டுவது என்று தீர்மானித்தார்கள். வேலு அண்ணன் பிறகு பல வருஷம் பாக்காவுக்குப் பின்னால் வலை போட்டார், இப்போது அவர் மகன் போடுகிறார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. மேடத்துக்கு அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பிரிவுக்குத் தலைமை என்று அவர் பெயர்தான் எல்லாருடைய வாயிலும் இருந்தது, வேறொருவரைப் போட்டார்கள். இருந்த பதவியிலேயே ஓய்வு பெற்று, சில வருஷத்துக்கு முன் காலமானார்.

நான் சொல்ல வேண்டியது அந்தக் குழுவின் கூட்டத்தைப் பற்றி. கோலாலம்பூரில் நீள மேசை போட்ட ஒரு அறை. இருபது பேர் இருப்பார்கள். நான் கடைசி வரிசையில் வரைபடச் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் எழுந்து நின்று புதிய அறிக்கையைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: முந்தைய ஆண்டுகளில் தெற்குக் கையில் கிடைத்த செனாங்கின் மீன்கள் பதிவு செய்யப்படுவதற்கு முன் படகில் சமைத்து உண்ணப்பட்டன.

யாரோ சிரித்தார். பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவர், "அப்போ இவ்வளவு நாள் இவங்க நடத்துனது ஆராய்ச்சி இல்ல, சாப்பாட்டுக் கடை" என்று மலாயில் சொல்ல, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மேடம் தாளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு அடங்கும் வரை நின்றார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "யார் சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"நாங்கள் சாப்பிட்டோம்" என்றார் மேடம்.

"பெயர் வேண்டும்."

"அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளுங்கள்."

அந்த அறையில் வாழ்நாளில் ஒரு மீனையும் தின்னாதவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எழுந்து, நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தலைவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், எழுதி முடிக்க நன்றாக நேரம் எடுத்தார். மடியில் இருந்த சுருள்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. நான் எழவில்லை.

மேடத்தைப் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டில் இறக்கிவிட வேண்டும், கார் என்னுடையது. வழியில் நெரிசல். சிவப்பு விளக்கில் நின்றபோது எப்படியோ வாயைத் திறந்தேன்.

"மேடம், நான் எழுந்து சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உமக்குக் குழந்தை இருக்கிறது, வேலை முக்கியம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். விளக்கு பச்சையானது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் காரை எடுத்தேன்.